விளங்காத அறிவித்தல்

பிரசாந்தன் கடைசியாக என்னிடம் கேட்டது சேலைக்குக் குத்துகிற ஒரு பின். செருப்பு வார் அறுந்துபோயிருந்தது. குசினி வாசலில் குந்தியிருந்து, அறுந்த இடத்தில் பின்னைக் கோத்துவிட்டு எழும்பி, காலை உதறிப் பார்த்தான்.

"புதுச் செருப்பொண்டு வாங்கனடா."

"இது இன்னும் ஒரு சித்திரைக்கு ஓடும், அக்கா."

தேத்தண்ணியை நின்றபடியே குடித்தான். நான் பள்ளிக்கூடத்துக்குச் சேலை மாற்ற அறைக்குள் போனேன். மோட்டார் சைக்கிள் ஒழுங்கையால் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் என் ஒரே தம்பி. பல வருடம் வெளிநாட்டுக் கப்பல்களில் வேலை செய்தவன். திரும்பி வந்தும் கடலை விட மனமில்லாமல், குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடுகிற பயணிகள் சங்கத்துப் படகுக்கு ஓட்டியாகச் சேர்ந்தான். வீடும் மனைவி பவதாரணியும் நெடுந்தீவில். எஞ்சின் சாமான் வாங்க ஊர்காவற்றுறைக்கு வந்தபடியால், முதல் நாள் இரவு நாரந்தனையில் எங்கள் வீட்டில் தங்கினான்.

அன்று மதியம் காற்று மாறி, படகு நடுவழியில் கவிழ்ந்தது. மீன்பிடிக்கப் போனவர்கள் ஓடிவந்து ஆட்களைத் தூக்கினார்கள். செல்லாச்சி என்ற வயதான பயணி ஒருவரைத் தேடித் தம்பி திரும்ப நீந்திப் போனான். அவரும் அவனும் உயிரோடு வரவில்லை. செய்தி வந்தபோது நான் தவணைப் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வையில் நின்றேன். நான் ஆங்கில ஆசிரியை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு ஒரு கடதாசி வெளியே வந்தது. அதை விபத்து விசாரணைக் குழுவிடம் கொடுத்தவர் படகுச் சங்கத்தின் செயலாளர். பெயர் குலசிங்கம். என் கணவர்.

அவர் சொன்னது இதுதான். காற்று எச்சரிக்கை முதல் நாள் பின்னேரமே அவருக்கு வந்துவிட்டது. நாளைக்குப் படகு ஓடாது என்ற அறிவித்தலை எடுத்து, ஊர்காவற்றுறையில் ஒரு கடையில் அச்சடித்து, குறிகட்டுவான் இறங்குதுறைப் பலகையில் ஒட்டினார். கடையில் எழுத்துக் குழம்பிப்போனதை அவர் கவனிக்கவில்லை. விபத்துக்குப் பிறகு கடதாசியைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்.

வேறு ஊராக இருந்தால், குழம்பிய கடதாசியை ஓட்டி எப்படி வாசிப்பது என்று கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் கேட்கமாட்டார்கள். சங்கக் கந்தோரின் அச்சுப் பொறி பழுதாகி எவ்வளவோ காலம். அறிவித்தலை அங்கே அடித்து, பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையில் அச்சடிப்பார்கள். கடைக் கணினியில் தமிழ் போய் ஆங்கில எழுத்துக் கூழாக வரும். அதை அப்படியே ஒட்டுவார்கள். சனத்துக்கும் பழகிவிட்டது. அதற்கென்று ஒரு ஒழுங்கும் உண்டாகியிருந்தது: பலகையில் விளங்காத கடதாசி புதிதாகத் தொங்கினால், ஓட்டி செயலாளருக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் எஞ்சினைத் தொட வேண்டும்.

ஆகவே அந்தக் கடதாசி என் தம்பிக்குச் சாட்டு அல்ல, சுருக்குக் கயிறு. அவன் கேட்காமல் ஓடினான், ஒரு உயிரைக் கொன்றான் என்று ஊரில் கதை நிலைத்துவிட்டது. இறங்குதுறையில் அன்று நின்றவர்களைக் கேட்டால், "ஓம், ஏதோ விளங்காததொண்டு கிடந்தது" என்றார்கள். செல்லாச்சியின் செத்தவீட்டுக்குப் போன பவதாரணியைப் படலையிலேயே மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை குழு முடிவு சொல்லும் என்றிருந்தது.

கேட்காமல் ஓடுகிறவன் அல்ல பிரசாந்தன். ஒரு பின்னைக்கூடக் கேட்டுத்தான் எடுப்பான். அதனால்தான் நான் சறோஜினிதேவிக்குப் போன் எடுத்தேன்.

*

யாழ்ப்பாணத்தில் சறோஜினிதேவி அக்காவைத் தெரியாத கலியாணத் தரகர் இல்லை. தெரிந்த தரகர்களுக்கு அவரைப் பிடிக்காது. வெளிநாட்டு மாப்பிள்ளை உண்மையிலேயே வேலை செய்கிறானா, அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கிறதா என்று பெண் வீட்டாருக்கு விசாரித்துச் சொல்வது அவருடைய தொழில். அறுபது வயது, மெலிந்த உடம்பு, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. கூட யாக்கோப்பு. ஓட்டோ ஓட்டுவதும் அவர்தான், உதவியாளரும் அவர்தான். நாற்பது தாண்டிய ஊர்காவற்றுறைக்காரர். ஒரு பாலத்தைக் கடக்கும் நேரத்துக்குக்கூட வாயை மூடி வைத்திருக்கத் தெரியாதவர்.

என் கணவர் அவர்களை வரவேற்று, கடதாசியின் போட்டோப் பிரதியைத் தானே எடுத்துக் கொடுத்தார்.

"வடிவாப் பாருங்கோ, அக்கா. எனக்கு ஒரு மறைப்பும் இல்லை. இவ கஜாவின்ர மனம் ஆறினால் காணும்."

அவர் சந்தைக்குப் புறப்பட்டுப் போன பிறகு, நாங்கள் ஓட்டோவில் ஏறினோம். அக்கா பிரதியை மடியில் விரித்தார். யாக்கோப்பு திரும்பிப் பார்த்தார்.

"கடவுளே! என்ர மனிசி கோவத்திலை கதைச்சால் எனக்கு இப்பிடித்தான் கேக்கும்."

"ரோட்டைப் பாரும். இதிலை உமக்கு என்ன விளங்குது?"

"திகதி மட்டும் விளங்குது, அக்கா."

"இலக்கத்துக்கு ஊர் இல்லை. எங்க போனாலும் அது அதுதான். ரீச்சர், இஞ்ச பாரும், இந்த வரியிலை இது என்ன எழுத்து?"

ஆங்கில எழுத்துகளின் நடுவே ஒரு வட்டமும் அதன் வயிற்றில் ஒரு கோடும்: θ. இன்னும் தள்ளி ஒரு π.

"கணக்குப் பாடத்திலை வாற எழுத்துகள், அக்கா. இது தீற்றா. அது பை."

"பையோ?" யாக்கோப்பு பிரேக்கில் கால் வைத்தார். "அதுக்குப் பயந்துதான் நான் பள்ளிக்கூடத்தை விட்டனான். இத்தினை வருசம் தேடித் தேடி இப்ப ஜெற்றிக்கே வந்திட்டுது!"

அக்கா சிரிக்கவில்லை. விரலை அந்த θ மேல் வைத்தபடியே வந்தார்.

குறிகட்டுவானில் வாடைக்காற்று அள்ளி வீசியது. அறிவித்தல் பலகையில் மரம் தெரியவில்லை. பழைய கடதாசிக்கு மேல் புதுக் கடதாசி, அதற்கு மேல் இன்னொன்று என்று தடிப்பாக ஒட்டிக் கிடந்தது. மேலே இருந்ததும் விளங்காத ஒன்றுதான்.

"தம்பி," என்று அக்கா நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருந்த ஒருவரைக் கூப்பிட்டார். "உதிலை என்ன கிடக்குது?"

"ஏதோ விளங்காததொண்டு, அம்மா."

"விபத்து நடந்த அண்டைக்கு?"

"அண்டைக்கும் கிடந்தது."

"இது இல்லாத நாள் எப்ப?"

அவர் யோசித்தார். "அப்பிடியொரு நாளை நான் காணேல்லை."

"கேட்டனீரோ யாக்கோப்பு? சாட்சி எல்லாரும் உண்மைதான் சொல்லியிருக்கினம். உண்மையாலை ஒரு பிரயோசனமும் இல்லை."

குடை நுனியால் அக்கா கடதாசிகளை ஒவ்வொன்றாக உரித்தார். காற்றில் பறக்கிறதை யாக்கோப்பு ஓடி ஓடிப் பிடித்தார். "கலியாண வீட்டிலை கைநனைச்சு மொய் எழுதுற வேலையெண்டு நினைச்சு உங்களோடை சேர்ந்தனான். இப்ப ஜெற்றி கூட்டுறன்." கடைசியில் உப்புக் காற்றில் மஞ்சளாகிப்போன ஒன்றை அக்கா பிரித்தெடுத்தார். போன வருடத்து வாடைக்காலத் திகதி. அதுவும் படகு ஓடாது என்ற அறிவித்தலாகத்தான் இருக்க வேண்டும்.

அதையும் குழுவிடம் போன கடதாசியின் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே அளவு வரிகள். ஒவ்வொரு வரியும் அதே இடத்தில் முடிந்தது. பார்த்த பார்வைக்கு எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலத்தான். திகதி மட்டும் வேறு.

யாக்கோப்பு விசிலடித்தார். "ஒரு சொல்லும் புதிசா அடிக்கேல்லை. பொய் சொல்லவும் பஞ்சி பிடிச்ச சோம்பேறி."

"அவசரப்படாதையும். பழைய அறிவித்தலிலை திகதியை மாத்திப் பாவிக்கிறது எல்லாக் கந்தோரிலும் நடக்கிறதுதான். ரீச்சர், உம்மட கண் நல்ல கண். இந்தத் தீற்றா இருக்கிற இடத்திலை பழைய கடதாசியிலை என்ன இருக்கு?"

பார்த்தேன். பழையதில் è இருந்தது. தலையில் சரிந்த கோடு போட்ட ஆங்கில எழுத்து. π இருந்த இடத்திலும் வேறொன்று.

"எழுத்து மாறியிருக்கு, அக்கா."

"சொல்லு ஒண்டு. குழப்பம் மட்டும் வேற." அக்கா இரண்டையும் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "சரி. குழப்பிற ஆளைப் போய்ப் பாப்பம்."

*

கிறேஸின் கடை ஊர்காவற்றுறைச் சந்தைக்குப் பக்கத்தில். போட்டோப் பிரதி, தொலைபேசி அட்டை, கேக் ஓடர், எல்லாம் ஒரே மேசையில். அறிவித்தலை இந்தக் கடையில்தான் அச்சடித்ததாக என் கணவர் குழுவிடம் சொல்லியிருந்தார்.

"ஓம், சங்கத்து அறிவித்தல் எல்லாம் இஞ்சதான் அடிக்கிறவை," என்றாள் கிறேஸ். "அண்ணை அண்டைக்கு வந்தவரோ எண்டு சத்தியமா நினைவில்லை. எத்தினை பேர் வருகினம்."

"எழுத்துக் குழம்பி வாறது உமக்குத் தெரியாதோ, பிள்ளை?"

"தெரியும். அவையின்ர அந்தப் பழைய தமிழ் எழுத்துரு என்ர கொம்பியூட்டரிலை இல்லை."

"ஏன் போடேல்லை?"

கிறேஸ் ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஆரும் கேக்கேல்லையே அக்கா. விளங்காட்டிச் சனம் போன் எடுத்துக் கேக்கும்தானே."

"இந்தப் பிள்ளைக்கு நாட்டை ஆளுற தகுதி இருக்கு," என்றார் யாக்கோப்பு.

போன வருடத்துக் கோப்பு அவளுடைய கணினியிலேயே அழிக்காமல் கிடந்தது. அக்கா அதை அப்படியே ஒருதரம் அச்சடிக்கச் சொன்னார். பொறி இருமிக்கொண்டு ஒரு தாளைத் தள்ளியது. அக்கா அதை எடுத்து, நேராக அந்த இடத்தைப் பார்த்தார். è.

"திரும்ப ஒருக்கா."

è.

"போன வருசத்துக்குப் பிறகு உந்தக் கொம்பியூட்டரிலை ஆரும் கை வைச்சவையோ? மாத்தினனீரோ? திருத்தினனீரோ?"

"இல்லை அக்கா. அதே கிழடுதான்."

அக்கா கதிரையில் சாய்ந்து, யாக்கோப்பு நீட்டிய சோடாவை வாங்கினார்.

"ரீச்சர், கேளும். இந்தப் பழைய தமிழ் எழுத்துருவிலை, தமிழ் எண்டு நாங்கள் பாக்கிறது வெறும் உடுப்பு. உள்ளுக்கை இருக்கிறது ஆங்கில எழுத்து. எழுத்துரு இல்லாத கொம்பியூட்டருக்குப் போனால் உடுப்புக் கழண்டு, உள்ளுக்கை நிக்கிறது வெளிய தெரியும். ஆனால் ஆங்கில எழுத்து இருபத்தாறுதானே. தமிழுக்குக் காணாது. மிச்சம் சில எழுத்துகளை மேல் வரிசைக் கதிரையளிலை இருத்தி வைச்சிருக்கினம். அந்தக் கதிரையள்தான் வில்லங்கம். அதிலை ஆர் இருக்கிறது எண்டதை ஒவ்வொரு நாட்டுக் கொம்பியூட்டரும் தன்ர மொழி அமைப்பைப் பாத்து முடிவு செய்யும். ரஷ்யாவுக்கு அமைச்சதெண்டால் ரஷ்ய எழுத்து வந்து குந்தும். கிறேஸின்ர கொம்பியூட்டர் ஆங்கிலத்துக்கு அமைச்சது. தொப்பி போட்ட இந்த எழுத்துகள்தான் குந்தும்."

"உங்களுக்கு உது எப்பிடித் தெரியும்?" என்று கேட்டாள் கிறேஸ்.

"மாப்பிள்ளையள் படிப்பிச்சவை, பிள்ளை. ஒருத்தன் தான் கனடாவிலை இருக்கிறன் எண்டு குறிப்பு அனுப்பினான். தமிழ் குழம்பி வந்தது. குழப்பத்துக்குள்ளை ரஷ்ய எழுத்து. ஆள் கனடாவைக் கண்ணாலையும் காணேல்லை, மொஸ்கோவிலை ஒரு அறையிலை பத்துப் பேரோடை படுத்துக் கிடந்தவன். மாப்பிள்ளை பொய் சொல்லுவான். அவன்ர கொம்பியூட்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது."

"அப்ப இந்தத் தீற்றாவும் பையும்?" என்று கேட்டேன்.

"கிரேக்க எழுத்து. கணக்குக்காரர் அங்கையிருந்துதான் கடன் வாங்கினவை. குழுவிட்டைக் குடுத்த அறிவித்தல் இந்தக் கடையிலை அடிச்சதில்லை. கிரேக்க மொழிக்கு அமைச்ச ஒரு கொம்பியூட்டரிலை அடிச்சது."

யாக்கோப்பு கைகொட்டினார். "ஆகா! தீவுப் பகுதியிலை ஒரு கிரேக்கன்! எங்கை தேடுவம் அக்கா? நயினாதீவிலையோ, அனலைதீவிலையோ? வெள்ளிக்கிழமைக்குள்ளை வீடு வீடாத் தட்டினாலும்—"

அவர் பேசிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த என் கையை அக்கா பார்ப்பது தெரிந்தது. கிறேஸிடம் கோப்பைப் பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டார்.

"தட்டத் தேவையில்லை, யாக்கோப்பண்ணை," என்றேன். "எங்கட வீட்டை போவம்."

நாரந்தனைக்கு வரும்வரை யாக்கோப்பு வாய் திறக்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

*

கடைசி அறையில், என் மேசையில், பிரசாந்தனின் மடிக்கணினி இருந்தது. அவன் கடைசியாக வேலை செய்த கப்பல் கிரேக்க முதலாளிகளுடையது. கழித்துவிட்ட கந்தோர்ச் சாமானில் இருந்து கப்பித்தான் அவனுக்குக் கொடுத்தாராம். ஊருக்கு வந்ததும் அதன் முகத்தை ஆங்கிலத்துக்கு மாற்றி, "உங்கட கேள்வித்தாளுக்கு உதவும், அக்கா" என்று எனக்குத் தந்தான். நான் அதில் ஆங்கிலம் மட்டும்தான் அடித்தேன். ஆங்கிலம் எந்த அமைப்பிலும் ஆங்கிலமாகவே வரும். தமிழை அதில் நான் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

"நீரே செய்யும்," என்று அக்கா பென் டிரைவை என்னிடம் தந்தார். "நான் தொட்டால் பேந்து நான் செய்தது எண்டு சொல்லுவினம்."

செய்தேன். திரை முழுக்க ஆங்கிலக் கூழ். அந்த வரியில், அந்த இடத்தில், θ. கொஞ்சம் தள்ளி π. பக்கத்தில் இருந்த என் அச்சுப் பொறியில் ஒரு தாள் எடுத்தேன். அக்கா அமைப்புகளைத் திறந்து காட்டச் சொன்னார். காட்சி மொழி ஆங்கிலம். அதற்குக் கீழே, பழைய நிரல்களுக்கான மொழி என்று இன்னொரு வரி. அதில் கிரேக்கம்.

"முகத்தை மாத்தியிருக்கிறார். அடிநாக்கை மாத்தேல்லை," என்றார் அக்கா மெதுவாக.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. என் கணவர் மீன் பையோடு வந்தார். அறை வாசலில் நின்று, மேசையில் கிடந்த தாள்களைப் பார்த்தார். மடிக்கணினியைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, அலுமாரிக்குப் பக்கத்துக் கதிரையில் அமைதியாக இருந்தார்.

அக்கா சுருக்கமாகச் சொன்னார். கடை, எழுத்து, மொழி அமைப்பு, இந்தக் கணினி. அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"இதைச் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான், கஜா. நீர்தான் கிண்டிக் கிளறினீர்." என் பக்கம் திரும்பினார். அவருடைய கண் கலங்கியிருந்தது. "அண்டிரவு மச்சான் இஞ்சதானே படுத்தவன். எச்சரிக்கை வந்ததெண்டு அவனுக்குச் சொன்னனான். 'நீங்கள் அலையாதையுங்கோ அத்தான், என்ர லப்டொப்பிலை அடிச்சு நானே ஒட்டுறன்' எண்டவன். பழைய கோப்பைக் குடுத்தனான். அவன்ர லப்டொப், அவன் அடிச்சது. ஒட்டியும் போட்டு, காற்று வராதெண்டு நினைச்சு ஓடியிருக்கிறான். அறிஞ்சுகொண்டு ஓடினவன் எண்டு சனத்துக்குத் தெரிய வேண்டாமெண்டுதான் கடையிலை அடிச்சதா நான் பொய் சொன்னனான். உம்மட தம்பிக்காகச் சொன்ன பொய்."

அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எல்லாம் பொருந்தின. கணினி அவனுடையது. அவன் அன்றிரவு இங்கே தங்கினான். நாங்கள் அலைந்து கண்டுபிடித்த ஒரே ஒரு தடயம், என் கணவரின் ஒரு மூச்சில், தம்பியின் கழுத்தை முன்னிலும் இறுக்கியது. கேட்காமல் ஓடினவன் இப்போது தெரிந்துகொண்டே ஓடினவன்.

"அது நடந்திருக்கலாம்," என்றார் அக்கா. அவர் குரலில் முதல் தடவையாகக் களைப்புத் தெரிந்தது.

யாக்கோப்பு தொண்டையைச் செருமினார். பகிடி வரவில்லை.

நான் என் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது வருடம் என்னோடு ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் கை நனைத்த மனிதர். அவர் அழுவது எனக்குத் தெரியும். அவருடைய தாய் செத்தபோது அழுதார். அன்று அவர் கண்ணைத் துடைக்கவில்லை, நீரை வழிய விட்டார். இப்போது கண்ணைத் துடைத்துவிட்டு, நான் பார்க்கிறேனா என்று பார்த்தார்.

"எதிலை அடிச்சவன்?" என்று கேட்டேன்.

"இந்த லப்டொப்பிலைதான்."

"கடதாசியிலை எடுத்தது எதிலை?"

"இந்தப் பிறின்டரிலைதான். வேற எங்கை இருக்கு?"

"இது அண்டைக்கு வீட்டிலை இல்லை."

அவர் மேசையில் இருந்த பொறியைத் திரும்பிப் பார்த்தார்.

"தவணைப் பரீட்சைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போனனான். நீங்கள் அந்தக் கிழமை இந்த அறைப்பக்கம் வரேல்லை, உங்களுக்குத் தெரியாது. நான் செத்தவீட்டோடை பள்ளிக்கூடம் போகேல்லை. எட்டுச் செலவுக்கு முதல் நாள் எங்கட பள்ளிக்கூட அதிபர் அதை ஆளிட்டை அனுப்பித் தந்தவர். இந்த மேசையிலை வைச்சதை நீங்கள் பாத்தனீங்கள். தம்பி அதுக்கு முதலே சாம்பல்."

அக்கா தாளில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"எட்டண்டைக்கு நான் குசினிக்குள்ளை பலகாரம் சுட்டுக்கொண்டு நிண்டனான். நீங்கள் வாசலிலை வந்து, 'கஜா, லப்டொப்பின்ர பாஸ்வேட் என்ன? மச்சான்ர நல்ல படமொண்டு எடுக்கோணும், நினைவு மலருக்கு' எண்டு கேட்டனீங்கள். நான் கை நிறைய மாவோடை நிண்டு சொன்னனான். அவன்ர மனிசியின்ர பேர்தான் பாஸ்வேட்."

நினைவு மலருக்குப் படம் பவதாரணி நெடுந்தீவில் இருந்து கொண்டு வந்தாள். அந்த மடிக்கணினியில் இருந்து ஒரு படமும் வரவில்லை. அன்று எனக்கு அது தோன்றவில்லை. அவன் பெயரில் வைத்த படையலுக்காக நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, இரண்டு சுவருக்கு அப்பால், அவனுடைய கணினியில், அவனுடைய மனைவியின் பெயரை அடித்துத் திறந்து, இவர் ஒரு திகதியை மாற்றினார்.

என் கணவர் கதிரையில் நிமிர்ந்து இருந்து பேசினார். அழுகை இல்லை. சாதாரணக் குரல்.

"எச்சரிக்கை வந்தது உண்மை. கோயில் கூட்டத்திலை நிண்டனான், போனைப் பாக்கேல்லை. காலமை பாத்தன். காற்று அப்பிடியொண்டும் இல்லை. சும்மா அனுப்புறவைதானே எண்டு விட்டிட்டன். படகு மதியம்தானே வெளிக்கிடும், பிறகு சொல்லலாமெண்டு நினைச்சன். மறந்துபோனன்."

"அதைச் சொல்லியிருக்கலாம்."

"ஆரிட்டை?" என்று கேட்டார். "போனவன் போட்டான், கஜா. அவனுக்கு இனி என்ன பேர், என்ன வெக்கம்? நான் இருக்கிறவன். நானெல்லோ நாளைக்கு அந்தச் சனத்துக்கு முன்னாலை நிக்கவேணும். நீரும் என்னோடைதானே நிக்கவேணும்? உமக்காகவும்தான்."

"பவதாரணிக்காகவும் செய்தனீங்களோ?"

அவர் மீன் பையைப் பார்த்தார். பையில் இருந்து தண்ணீர் சீமெந்து நிலத்தில் கசிந்துகொண்டிருந்தது.

சறோஜினிதேவி அக்கா எழுந்தார். கடையில் அடித்தது, பலகையில் உரித்தது, இங்கே அடித்தது மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து என் முன்னால் தள்ளினார்.

"பிள்ளை, என்ர தொழிலிலை ஒரு ஒழுங்கு இருக்கு. விசாரிக்கச் சொன்ன ஆளைத் தவிர வேற ஆருக்கும் நான் முடிவு சொல்லுறதில்லை. பொம்பிளை வீட்டுக்காரர் கேட்டுப்போட்டு, பரவாயில்லை எண்டு அவனுக்கே கட்டிக் குடுத்ததும் உண்டு. அது அவையின்ர விருப்பம். இது உம்மட."

"ரீச்சர் வேணுமெண்டால்," யாக்கோப்பு சொன்னார், "ஓட்டோ படலையிலைதான் நிக்குது. வேண்டாமெண்டால் நான் இண்டைக்கு இஞ்ச வரவே இல்லை."

என் கணவர் எழுந்து வந்து என் கைக்கு மேல் கை வைத்தார். மீன் மணந்தது. அழுத்தவில்லை. வெறுமனே வைத்தார். கலியாணமான புதிதில் பஸ்ஸில் போகும்போது அப்படித்தான் வைப்பார்.

நான் கையை எடுத்தேன். தாள்களை எடுத்தேன். மடிக்கணினியை மூடி, அதையும் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"குழுத் தலைவரின்ர வீடு தெரியுமோ, யாக்கோப்பண்ணை?"

"தெரியும்."

"பிறின்டரும் வேணும். அதிபரையும் போற வழியிலை கூப்பிடுவம். எண்டைக்குத் தந்தனுப்பினவர் எண்டு அவரே சொல்லட்டும்."

யாக்கோப்பு அச்சுப் பொறியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினார். அக்கா குடையை விரித்து எனக்கு முன்னால் நடந்தார். பின்னால் கதிரை நகரும் சத்தம் கேட்டது. "கஜா" என்று ஒருமுறை கூப்பிட்டது கேட்டது. நான் திரும்பவில்லை.

முற்றத்தைத் தாண்டும்போது வெயில் சாய்ந்திருந்தது. படலைக்கு வெளியே வழக்கம்போல நாலைந்து பெண்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள வாளியும் குடமுமாக நின்றார்கள். எங்கள் முகங்களைப் பார்த்து அவர்களுடைய கதை நின்றது. முன்னால் நின்ற பிரியவதனி தயங்கினாள்.

"அக்கா, பிறகு வரட்டோ?"

"இல்லை, அள்ளுங்கோ," என்று, நாளைக்கு நான் முன்னால் நிற்க வேண்டிய அந்தச் சனத்துக்குப் படலையை அகலத் திறந்துவிட்டேன்.

அந்த ஒழுங்கையில் மற்றக் கிணறுகள் எல்லாம் உவர். எங்கள் கிணறு மட்டும்தான் நல்ல தண்ணீர்.